நாற்காலிக்கா, கேள்விக்கா? கல்வியியல் பிஎச்.டி. பற்றிச் செட்டிநாட்டு ஆசிரியர்கள் கேட்டவை

காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பிஎச்.டி. படிக்கலாமா, படித்தால் ஹெச்.எம். ஆகலாமா. பி.எட்., எம்.எட். மாணவர்களோடு முப்பது ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டை, உதவிபெறும் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை: அம்மா, எம்.ஏ., எம்.எட். முடித்திருக்கிறேன். வயது 41. தலைமையாசிரியர் ஆக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பிஎச்.டி. முடித்தால் வாய்ப்பு கூடுமா?

கூடாது, டீச்சர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்தாறு ஆண்டு உழைத்த பிறகு உங்களுக்கு இது தெரிய வரக் கூடாது. தமிழ்நாட்டில் தலைமையாசிரியர் பதவி உயர்வு பணிமூப்பையும் பதவிக்குரிய கல்வித் தகுதியையும் பார்த்து வருகிறது. அந்தத் தகுதியில் முனைவர் பட்டம் இல்லை. உயர்கல்விக்கென்று முன்பு கிடைத்த ஊக்க ஊதிய உயர்வையும் 2020 மார்ச்சில் அரசு நிறுத்திவிட்டது.

இப்போதைக்கு நீங்கள் கவலைப்பட வேண்டியது டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கேட்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. உங்கள் பள்ளி எந்த வகை என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர் என்றால் ஆய்வுத் தலைப்பைத் தேடும் நேரத்தை டெட்டுக்குக் கொடுங்கள்.

பள்ளிக்கு வெளியே நிர்வாகத்துக்குப் போகும் வழிகளும் உண்டு. வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நேரடித் தேர்வு வைக்கிறது. மாவட்டக் கல்வி அலுவலருக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-சி இருக்கிறது. இரண்டுக்கும் வயது வரம்பு உண்டு, அறிவிக்கை வந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

நிர்வாகத்தைப் படிப்பாகவே கற்க விருப்பம் இருந்தால், பள்ளித் தலைமை, மேலாண்மையில் இக்னோ முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. டெல்லியில் நீபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தின் கீழ் 2012 முதல் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் இயங்குகிறது, அதன் இணையவழிப் பயிற்சிகளும் உண்டு. இவை பதவியைக் கையில் கொடுக்காது. ஆனால் பொறுப்பு வரும் அன்று பட்ஜெட்டும், விடுப்புப் பதிவேடும், கோபமாக வந்து நிற்கும் பெற்றோரும் புதிதாக இருக்க மாட்டார்கள்.

முனைவர் பட்டம் நாற்காலியாக மாறும் இடம் ஒன்று உண்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ.யின் 2014 நெறிமுறைப்படி பி.எட். கல்லூரி முதல்வருக்கு முதுகலையிலும் எம்.எட்.டிலும் 55 சதவீதம், கல்வியியலிலோ அங்கே நடக்கும் பாடத்திலோ பிஎச்.டி., ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் எட்டு ஆண்டு அனுபவம், அத்தனையும் வேண்டும். உங்கள் மனம் அந்தப் பக்கம் போகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

காரைக்குடி, தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளித் துணை முதல்வர்: அமெரிக்காவில் இருப்பதுபோல் இங்கே 'பிரின்சிபால் லைசென்ஸ்' உண்டா?

இல்லை. வாரியத்தின் இணைப்பு விதிகள் முதுகலை, பி.எட்., கற்பித்த அனுபவம் ஆகியவற்றைக் கேட்கின்றன. மீதி டிரஸ்ட் எடுக்கும் முடிவு. 'நிர்வாகச் சான்றிதழ்' என்று வார இறுதியில் விற்கப்படும் எதுவும் சட்டப்படி உங்களை முதல்வர் ஆக்காது. வாரியம் கேட்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியைத் தலைமைப் பண்பு சார்ந்த தலைப்புகளில் எடுத்துக்கொள்ளுங்கள். அது பயனுள்ளது.

மேலைச்சிவபுரி, அரசுப் பள்ளி ஆசிரியர்: வயது 48. பதவிக்காக இல்லை, மனசுக்காக ஆய்வு செய்ய நினைக்கிறேன். வேலையை விடாமல் பகுதிநேரமாக முடியுமா? வயது தடையா?

'மனசுக்காக' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகவே உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன்.

முடியும். 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியலினத்தார், பழங்குடியினர், வசதி வரம்புக்கு உட்பட்ட பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் 5 சதவீதச் சலுகை. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு, மொத்தம் பத்துக்கு மிகாமல். பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு. உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் ஸ்டாஃப் ரூமில் யாருக்காவது இது தேவைப்படும், சொல்லிவையுங்கள்.

பகுதிநேரக்காரர்கள் தடுக்கி விழும் இடம், வேலை பார்க்கும் இடத்திலிருந்து வாங்கும் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.). 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடநெறி முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு நல்ல ஆசிரியருக்கு மூன்றாவது வாசகம் விடுபட்டுப் போயிற்று. பாடநெறி வகுப்பு தொடங்கியபோது விடுப்பு கிடைக்கவில்லை, ஓராண்டு வீணானது. அதனால் நெறியாளரைப் பார்ப்பதற்கு முன்பே இந்தச் சான்றைப் பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது நெறியாளர். பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆளெடுக்க முடியாது. எனவே 'இடம் இருக்கிறதா, எப்போது ஓய்வு' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் ஆய்வு நடக்கிறது. சென்னையில் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பகுதிநேரக்காரருக்குப் பேருந்து தூரமும் ஒரு தகுதிதான், பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்.

பாடநெறி குறைந்தது 12 கிரெடிட். பிறகு ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் செய்த வேலையைக் காட்ட வேண்டும். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் பார்க்கப் போனவர்கள் மூன்றாண்டுத் தவணைக்குப் போய், ஐந்தொகை என்ற வரவு செலவு இருப்புக் கணக்குப் போட்டுக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். கணக்கைக் கடைசி மாதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தவர் யாரும் இல்லை. ஆய்வும் அப்படித்தான், வாரத்துக்கு ஆறு மணி நேரம் தவறாமல் ஒதுக்குகிறவர் முடிக்கிறார். மே மாத விடுமுறைக்குத் தள்ளிவைக்கிறவர் முடிப்பதில்லை. நான் பார்த்தவரை இதில் விதிவிலக்கு இல்லை.

வயதுக்கு வருகிறேன். விதியில் வயது வரம்பு இல்லை. உங்கள் ஊர்க்காரர் வ.சுப. மாணிக்கனார், சிறுவயதிலேயே ரங்கூன் கடைக்கு வேலைக்குப் போய், திரும்பி வந்த பிறகுதான் பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் கற்றார். பின்னால் முனைவர் பட்டம், அழகப்பா கல்லூரி முதல்வர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நீங்கள் தாமதமாக வருவதாக நினைக்க வேண்டாம், ஐயா.

புதுவயல், ஆசிரியர்: ஒன்றரை ஆண்டில், ஆன்லைனிலேயே வெளிநாட்டு பிஎச்.டி. என்று ஒருவர் சொல்கிறார். கட்டணத்தைத் தவணையில் கட்டலாமாம்.

கட்டாதீர்கள். தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. செல்லாது. தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி.யை நம்ப வேண்டாம் என்று யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே எச்சரித்தன. மூன்றாண்டுக்குக் குறைந்த எதுவும் இந்தியாவில் முனைவர் பட்டம் ஆகாது. பணம் கட்டிவிட்டவர் தெரிந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான், ஒரு தாய்: என் மகள் டெக்சாஸில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். பிரின்சிபால் ஆக டாக்டர் பட்டம் வேண்டும் என்கிறாள். இங்கே வந்து படித்துவிட்டுப் போனால் செலவு குறையுமே?

ஆச்சி, மகள் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கலந்து பேசுகிறார் போலிருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி நிர்வாகச் சான்றிதழை அந்தந்த மாநிலம் கொடுக்கிறது. டெக்சாஸில் பிரின்சிபால் சான்றிதழுக்கு முனைவர் பட்டம் தேவையில்லை. முதுகலை, செல்லுபடியாகும் ஆசிரியர் சான்றிதழ், இரண்டு ஆண்டு வகுப்பறை அனுபவம், மாநிலம் அங்கீகரித்த ஆயத்தப் படிப்பு, அதன் முடிவில் மாநிலத் தேர்வுகள், இவ்வளவுதான். பல பள்ளிகள் சேர்ந்த மாவட்டத்தை நடத்தும் சூப்பரின்டென்டன்டுக்கு வேறு சான்றிதழ். நாளை கலிஃபோர்னியாவுக்கு வீடு மாறினால் கணக்கும் மாறும், அங்கே ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள்.

அந்த ஆயத்தப் படிப்பு அந்த மாநில அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால், இங்கே வந்து பிஎச்.டி. படிப்பது அதற்கு ஈடாகாது. அவருடைய இந்திய முதுகலைப் பட்டத்தை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துப் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள். முதல் செலவு அதுதான்.

டாக்டர் பட்டம் பிறகு வேண்டுமென்றால் அங்கே இரண்டு வகை. எட்.டி. (டாக்டர் ஆஃப் எஜுகேஷன்) என்பது பள்ளியையோ மாவட்டத்தையோ நடத்துகிறவர்கள் தம் வேலையில் எழும் சிக்கலை எடுத்து ஆராய்வதற்கு. ஹார்வர்டு 1921இல் முதல் எட்.டி.யைத் தந்தது. பிஎச்.டி. ஆய்வாளராகவோ பேராசிரியராகவோ போக விரும்புகிறவர்களுக்கு. அவர் பள்ளியிலேயே இருக்கப் போகிறார் என்றால் எட்.டி. பொருந்தும். அதுவும் சான்றிதழ் வாங்கி, துணைப் பிரின்சிபாலாக இரண்டு மூன்று ஆண்டு இருந்து பார்த்த பிறகு.

பள்ளத்தூர், ஆசிரியை: எம்.ஃபில். 2014இல் முடித்தேன். இப்போது அதற்கு மதிப்பே இல்லை என்கிறார்களே?

புதிதாக எம்.ஃபில். நடத்தக் கூடாது என்பதுதான் விதி. நீங்கள் முறையாக வாங்கிய பட்டம் செல்லும். 55 சதவீதம் இருந்தால் பிஎச்.டி. சேர்க்கைக்கும் தகுதி உண்டு. கவலையை விடுங்கள்.

திருப்பத்தூர், எம்.எட். மாணவர்: முழுநேர ஆய்வுக்கு உதவித்தொகை எப்படிக் கிடைக்கும்?

கல்வியியலில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதுங்கள் தம்பி. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது கிடைக்காவிட்டாலும் முயற்சி வீணாகாது. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கை பெறலாம், மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30. ஆனால் அந்த வகையில் ஓராண்டுக்குள் சேர வேண்டும். எம்.எட். இறுதி ஆண்டிலேயே எழுதத் தொடங்குங்கள், ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது.

குன்றக்குடி, ஆசிரியை: 'ஆசிரியர்களின் மன அழுத்தமும் பணி நிறைவும்' என்று தலைப்பு யோசித்திருக்கிறேன். வினாநிரல் ரெடிமேடாகக் கிடைக்கிறது. சரியா?

வேண்டாம் அம்மா. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இந்தத் தலைப்பைத் தட்டிப் பாருங்கள், மாவட்டப் பெயரை மட்டும் மாற்றி வரிசையாக நிற்கும். முந்நூறு ஆசிரியர்களிடம் படிவம் கொடுத்து, 'ஆண், பெண் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று முடிக்க ஆறு ஆண்டு எதற்கு? பிறர் எழுதியதைத் தழுவும் ஆசையும் இங்கேதான் வருகிறது. யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் தண்டனைப் படிகள் தொடங்கிவிடும்.

நீங்கள் தினமும் போகும் பள்ளியில் பதில் தெரியாத கேள்வி ஒன்றாவது இருக்கும். அதை எடுங்கள். எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறைத் தகவல் தளத்தின் பதிவேற்றத்தில் ஒரு தலைமையாசிரியரின் வாரம் எத்தனை மணி நேரம் கழிகிறது, வகுப்பறைக்குள் எத்தனை நிமிடம் நிற்கிறார்? சாக்கோட்டை ஒன்றியத்தில் ஆறு தலைமையாசிரியர்களோடு ஓராண்டு கூடவே இருந்து குறித்தால் அதுவே நல்ல ஆய்வு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள் என்று கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிறாரா, அவர் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா? இதைப் போய் உட்கார்ந்து கேட்டவர் நம் பக்கத்தில் யாரையும் நான் பார்க்கவில்லை.

வரலாற்றில் விருப்பம் இருந்தால் இன்னும் வளமான நிலம் இருக்கிறது. நகரத்தார் அறக்கட்டளைகள் தொடங்கிய பள்ளிகள் எத்தனை! அவற்றின் கணக்குப் பேரேடுகளும் தீர்மானப் புத்தகங்களும் எங்கோ ஒரு வளவின் பெட்டகத்தில் செல்லரிக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் 1994 முதல் சென்னையில் நூலகமாக இருப்பதால் பிழைத்தன. பள்ளிப் பதிவேடுகளுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. 1947இல் அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதற்கு முன்னும் பின்னும் இந்த ஊர்களில் எந்தச் சாதிப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள், பெண் பிள்ளைகள் எந்த வகுப்பில் நின்றார்கள் என்று சேர்க்கைப் பதிவேடு சொல்லும். அதைப் படிக்கப் பழைய தமிழ் எண்களும் கையெழுத்தும் தெரிய வேண்டும், உங்கள் வீட்டுப் பாட்டியிடமே கேட்டுப் பழகலாம்.

தலைப்பை நெறியாளரிடம் கொண்டு போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, மிகப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை ஒரு சனிக்கிழமை முழுக்கப் புரட்டுங்கள். மாலைக்குள் மூன்று கேள்வியாவது எழுந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.