எட்டாவது படிக்கும் பையன் எல்லாக் கணக்கையும் தோராயமாகவே போடுகிறான், தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். வாத்தியார் நோட்டில் ஏதாவது எழுதி அனுப்பியிருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதே எட்டாவதில் எனக்கும் ஒரு முட்டை விழுந்தது.

அப்பா கொத்தனார். லீவு நாளில் அவரோடு வேலைக்குப் போவேன். சுவர் எழும்புவதற்கு முன்பே எத்தனை கல் இறக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். நாலரை இஞ்ச் சுவர் என்றால் சதுரடிக்கு அஞ்சு கல், ஒன்பது இஞ்ச் என்றால் பத்து. உடைசலுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் அவர் கணக்கு.

அரைப்பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. 10 அடி நீளம், 6 அடி உயரம், 9 இஞ்ச் கனமுள்ள சுவருக்கு, 9 x 4.5 x 3 இஞ்ச் செங்கல் எத்தனை வேண்டும்? பத்தாறு அறுபது சதுரடி, சதுரடிக்குப் பத்து, 600 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். புத்தகப்படி விடை 640. சுவர் 77,760 கன இஞ்ச், கல் 121.5, வகுத்தால் வந்துவிடும். ஆனால் புத்தகத்துச் சுவரில் கலவையே கிடையாது! கல்லோடு கல் ஒட்டி நிற்கும். அப்பா கணக்கில் குறைந்த 40 கல், கலவை போகிற இடம்.

பக்கத்து பெஞ்சுக்காரன் அடியை இஞ்ச்சாக மாற்ற மறந்துவிட்டான். 10 x 6 x 9 = 540, அதை 121.5ஆல் வகுத்து, விடை 4.44 என்று இரட்டைக் கோடு வேறு போட்டிருந்தான். நாலரைக் கல்லில் ஒரு சுவர். அவனுக்கு ஸ்டெப்புக்காக அஞ்சுக்கு மூணு. எனக்குப் பூஜ்யம், கூடவே ‘யாரைப் பார்த்து எழுதினே?’ என்று ஒரு கேள்வி. முப்பது வருஷமாகியும் ஆறவில்லை.

‘அப்போ ஸ்டெப்பே வேண்டாமா?’ என்று யாராவது கிளம்பி வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை ஐயா. மார்க் அதில்தான் இருக்கிறது, எழுதட்டும். அதற்கு முன்னால் ஓரத்தில் பென்சிலால் உத்தேச விடையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 48 x 19 என்றால் 50 x 20, ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. போட்டுப் பார்த்து 912 வந்தால் சரி. 9,120 வந்தால் எங்கேயோ ஒரு பூஜ்யம் நுழைந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்துவிடும். 650 ரூபாய்க்கு 18 சதவீதம் வேண்டுமா? 20 சதவீதம் 130, அதில் பத்தில் ஒரு பங்கு 13ஐக் கழித்தால் 117. இது தோராயம்கூட இல்லை, துல்லியமான விடை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். போன வருஷம் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினேன். 1,000 சதுரடி என்றார்கள். தரையில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ். அறை அறையாக எண்ணினேன், வெட்டிப் போட்டதையும் சேர்த்து 180 வந்தது. நாலால் பெருக்கினால் 720. கேட்டால், ‘லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் சேர்த்துத்தான் சார்’ என்கிறார்கள். சுவர் கனத்தைக் கூட்டினாலும் ஆயிரம் எங்கே வருகிறது? வேண்டாம் என்று சொல்லி எட்டு மாசமாகிறது, முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது.