ஒன்றரை வருட மாஸ்டர்ஸ் முடித்தால் ஆஸ்திரேலியாவில் 485 விசா கிடைக்குமா?

ஊரில் பி.டெக். படித்ததற்காக ஒரு செமஸ்டரைக் கழித்துவிட்டு, இரண்டு வருட மாஸ்டர்ஸை ஒன்றரை வருடத்தில் முடிக்கலாம் என்று பல்கலைக்கழகம் சொல்கிறது, அப்புறம் 485 எனப்படும் தற்காலிகப் பட்டதாரி விசா கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு படிப்பை மட்டும் வைத்துக் கிடைக்காது. இதே குழியில் காலை விட்டு எடுத்தவன் நான்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம். 2022 ஜூலையில் பாலக்காட்டு ஏஜென்ட் ஒருவர் மூலம் மெல்போர்ன் போனேன். ஆஃபர் லெட்டரில் நான்கு பாடங்களுக்கு கிரெடிட், அதாவது ஊரில் படித்ததற்காகக் கழிவு, என்று போட்டிருந்தது. "ஆறு மாசத்தெ ஃபீஸ் லாபமல்லே மோனே" என்றார் ஏஜென்ட். தோப்பை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்த அப்பாவுக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம். அதே தாளில் கீழே "78 வாரம்" என்று இருந்ததை எங்கள் வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

போன முதல் வாரம், அறையில் இருந்த சீனியர் ஒருவர் சோறு வடித்துக்கொண்டே கேட்டார்: "உன் கோர்ஸ் எத்தனை வாரம்?" சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். 485-க்கு குறைந்தது 92 வாரப் படிப்பு வேண்டும். விதியில் இரண்டு கல்வியாண்டு என்றிருக்கும், அதன் கணக்கு இதுதான். நீங்கள் எத்தனை நாள் வகுப்புக்குப் போனீர்கள் என்பதல்ல, வெளிநாட்டு மாணவர்கள் சேரக்கூடிய படிப்புகளுக்கான கிரிகோஸ் என்ற அரசுப் பதிவேட்டில் அந்தப் படிப்பு எத்தனை வாரம் என்று பதிவாகியிருக்கிறது என்பதே பேச்சு. ஊரில் படித்ததற்காகக் கழித்த வாரங்கள் இதில் சேராது. ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதினால் அதற்காக வாரம் அதிகமாவதும் இல்லை. ஆனால் 104 வாரப் படிப்பைக் கோடை விடுமுறைப் பாடங்கள் எடுத்துச் சீக்கிரம் முடித்தால் தவறில்லை, மொத்தம் 16 மாதத்துக்குக் குறையாமல் இருந்தால் சரி. படிக்கும்போது ஆள் ஆஸ்திரேலியாவில் இருக்க வேண்டும், படிக்க அனுமதிக்கும் விசாவில் இருக்க வேண்டும், பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆன்லைனில் படித்த செமஸ்டர் கணக்கில் வராது.

மறுநாளே மாணவர் அலுவலகத்தில் போய் கிரெடிட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். 104 வாரத்துக்குப் புது சிஓஇ, அதாவது சேர்க்கை உறுதிச் சான்று, வந்தது. அப்பாவிடம் சொல்லத்தான் மூன்று நாள் ஆனது. "தள்ளுபடின்னு அவங்களே குடுத்தாங்க, நீ ஏஞ்சாமி வேண்டாங்கறே?" என்றார். விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி, தேங்கா போட்டதும் பாக்கலாம்" என்று போனை வைத்தார். நல்ல காலம், 2023 ஜூன் 30 வரை மாணவர்களுக்கு வேலை நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தார்கள். பாதிப் பணத்தை ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தே கட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஆகிவிட்டது. இன்று போகிறவர்கள் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

அடுத்து தேதி. படிப்பு முடிந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "முடிந்த நாள்" என்பது கறுப்பு அங்கி போட்டுப் போட்டோ எடுக்கும் நாள் அல்ல, எல்லாப் பாடமும் தேறிவிட்டீர்கள் என்று பல்கலைக்கழகம் உங்களுக்குத் தெரிவிக்கும் நாள். எனக்கு 2024 ஜூலையில் அந்தக் கடிதம் வந்தது, பட்டமளிப்பு விழா டிசம்பரில். என்னோடு படித்த திரிச்சூர்ப் பையன் விழாவிலிருந்து ஆறு மாதம் எண்ணிக்கொண்டிருந்தான். நான் சொன்னபோது அவனுக்கு இருந்தது பதினைந்து நாளோ என்னவோ. கடைசி நேரத்தில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குத் தேதி கிடைக்க அலைந்தான், பாவம். 2024 மார்ச் 23 முதல் மொத்தம் 6.5, எதிலும் 5.5-க்குக் குறையாமல் வேண்டும், தேர்வும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். புறப்படும் முன் கோயம்புத்தூரில் நான் எழுதியது எதற்கும் உதவவில்லை.

வயது 2024 ஜூலை முதல் பெரும்பாலோருக்கு 35 வரைதான். விண்ணப்பிக்கும்போதே ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் சான்றுக்கு மனுப் போட்ட ரசீதும் மருத்துவக் காப்பீடும் கையில் இருக்கட்டும். இந்திய பாஸ்போர்ட் என்றால் ஒரு நல்ல விஷயம்: இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தால் மாஸ்டர்ஸ் முடித்தவருக்கு மூன்று வருடம் வரை தருகிறார்கள்.

நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் ஒரு மெயில் போதும்: "எனக்குக் கிரெடிட் வேண்டாம், முழுப் படிப்புக்கும் ஆஃபர் லெட்டர் கொடுங்கள்." ஏஜென்டிடம் விடாமல் நீங்களே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். புதுத் தாள் வந்ததும் ஃபீஸைப் பார்ப்பதற்கு முன்னால் வாரத்தைப் பாருங்கள்.