பழைய ஆஸிலோஸ்கோப்பை (மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) ஆன்லைனில் வாங்கும்போது 'எஸ்க்ரோ' என்கிறார்களே, அது என்ன?

நீங்கள் கொடுக்கும் பணம் நேராக விற்பவர் கைக்குப் போகாமல், நடுவில் ஒருவரிடம் நிற்பதுதான் எஸ்க்ரோ. பொருள் வந்து, நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகே விற்பவருக்குப் போகும். பந்தயப் பணத்தைப் பொது ஆளிடம் கொடுத்து வைப்போமே, அந்த மாதிரி.

திரை ஒளிர்வதைப் போட்டோவில் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வந்ததும் ப்ரோபை (சிக்னலை எடுக்கும் முனையுள்ள கம்பி) முன்பக்கச் சோதனை முனையில் மாட்டுங்கள். பெரும்பாலானவற்றில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தெரியும். ஒவ்வொரு சேனலிலும் (சிக்னல் உள்ளே போகும் வழி) பாருங்கள், ஒன்று மட்டும் செத்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் எஸ்க்ரோ தரும் இந்த அவகாசம். விற்பவரே எஸ்க்ரோ லிங்க் அனுப்பினால் மட்டும் தொடாதீர்கள், போலித் தளமாக இருக்கலாம்.

எஸ்க்ரோ இல்லாமல் நேராக யூபிஐயில் அனுப்பினாலும் வங்கி திருப்பி வாங்கித் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்களே பின் நம்பர் (PIN) போட்டு அனுப்பிய பணம், விற்பவர் சம்மதமில்லாமல் திரும்புவது கடினம்.