இதயத்துக்கு பிரேக் போடுறது யாரு? உங்க கேள்விகளுக்கு பதில்

இதயம் தானாத்தானே துடிக்குது சார், மூளைக்கு அங்க என்ன வேலை?

தானாத்தான் துடிக்குது. ஆனா அதோட போக்குல விட்டா நிமிஷத்துக்கு 100 தடவை கிட்ட ஓடும். உங்களுக்கு 70ன்னா, மூளையோட அடிப்பகுதியான முகுளத்துல இருக்குற நரம்பு செல்லுங்க, அங்கேருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு வழியா ராப்பகலா பிரேக்க லேசா அமுத்திக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். மாற்று இதயம் வச்சவங்களுக்கு இந்த நரம்பு அறுபட்டிருக்கும், அதான் சும்மா உக்காந்திருந்தாலே 90, 100ன்னு ஓடுது.

மூச்சு இழுத்தா பல்ஸ் வேகமாகுது, விட்டா கொறையுது. பிளாக்கா? (வயசு 22)

இல்லப்பா. மணிக்கட்டுல ரெண்டு விரல வச்சு, மூச்ச நல்லா மெதுவா இழுத்து விட்டுப் பாருங்க, இழுக்கும்போது முகுளத்துல இருக்குற அந்த செல்லுங்க கொஞ்சம் அடங்கிடும், பிரேக் தளரும், விடும்போது திரும்ப பிடிக்கும். சின்ன வயசுல இது நல்லாவே தெரியும். மூச்சுக்கு சம்பந்தமே இல்லாம தாறுமாறா துடிச்சா மட்டும் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க.

ஊசியப் பாத்தாலே மயங்கி விழுறேன், வெக்கமா இருக்கு.

வெக்கப்பட ஒண்ணுமில்ல, அதே பிரேக்க திடீர்னு ஓங்கி மிதிச்ச மாதிரிதான், துடிப்பு கொறையுது, ரத்தக்குழாயும் தளர்ந்துடுது, தலைக்கு ரத்தம் பத்தல. முன்னாடியே சொல்லிட்டு படுத்துக்கிட்டு ரத்தம் குடுங்க. சுத்தி நிக்கிறவங்க பாசத்துல தூக்கி சேர்ல உக்கார வைப்பாங்க பாருங்க, அதான் தப்பு! படுக்க வச்சு கால தூக்கிப் பிடிக்கணும். ஓடும்போதோ மாடி ஏறும்போதோ மயங்கினா கதை வேற, உடனே டாக்டரப் பாருங்க.

நரம்பு எப்படி பிரேக் போடுது, கரண்ட் ஷாக்கா?

1921ல ஓட்டோ லூவின்னு ஒரு விஞ்ஞானி இதுக்கு பதில் சொன்னாரு. ரெண்டு தவளை இதயம், ஒண்ணோட வேகஸ தூண்டி, அது ஊறின தண்ணிய இன்னொண்ணு மேல விட்டாரு, அதுவும் மெதுவாச்சு. அப்போ நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்த விடுதுன்னுதானே அர்த்தம்? அதான் அசிட்டைல்கோலின். 1936ல நோபல்.

வேகஸ தூண்டுற மெஷின் ஆன்லைன்ல விக்குதே, ஹார்ட் அட்டாக் வராம காக்குமா?

எலியோட காலுக்குப் போற ரத்தத்த கொஞ்ச நேரம் நிறுத்தி விட்டா, அப்புறம் அட்டாக் வந்தாலும் இதயத்துல சேதம் கம்மியா இருக்கு, முகுளத்துல இருக்குற வேகஸ் செல்லுங்கள அமைதியாக்கிட்டா அந்தப் பாதுகாப்பு போயிடுது. ஆக ஐடியா பொய்யில்ல. ஆனா இதயம் பலவீனமான 707 பேர வச்சு, உடம்புக்குள்ள கருவி பொருத்திப் பண்ணின ஆய்வே 2016ல கைகுடுக்கல. நீங்க கேக்குற மெஷின் காதுல மாட்டுற கிளிப்பு, காச மிச்சம் புடிங்க.