சாலைப் பள்ள வழக்கில் துப்பறிபவர் எதைத் தேட வேண்டும்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேரப் போகிறேன். விபத்து வழக்குகளில் 'கவனக்குறைவுக்கு ஆதாரம் கொண்டு வா' என்பார்களாம். எதைத் தேடுவது?

பதில்: 'யார் மேல் தப்பு' என்று கிளம்பாதீர்கள். நஷ்டஈட்டு வழக்கில் நீதிமன்றம் கேட்பது இதுதான்: எதிர்த்தரப்புக்குக் கவனமாக இருக்கும் கடமை இருந்ததா, அதில் தவறினாரா, அதனால்தான் இந்தச் சேதம் வந்ததா? ஒன்று அறுந்தாலும் வழக்கு நிற்காது.

முதுநகரில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் இரவில் ஒருவர் பைக்கோடு விழுந்து கால் முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர்கள் மாவுக்கட்டைத்தான் முதலில் படமெடுப்பார்கள். காயத்தை மருத்துவமனைப் பதிவே சொல்லிவிடும். உங்கள் வேலை பள்ளத்தில் இருக்கிறது. தோண்டியது எந்த ஒப்பந்ததாரர், எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது, தடுப்பு வைத்தார்களா, தெருவிளக்கு எரிந்ததா? அதே பள்ளத்தைப் பற்றி முன்பே யாராவது புகார் கொடுத்திருந்தால் அதன் நகலை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். ஆபத்து தெரிந்தும் விட்டுவிட்டார்கள் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. விஷயம் பெரிதானால் மறுநாளே மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள். அதனால் அன்றைக்கே போய், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்.

எதிர்க் கடையில் சிசிடிவி இருந்தால் அதுவும் அவசரம்தான். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பென் டிரைவில் வாங்கி வந்தால் மட்டும் போதாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023-ன் 63-வது பிரிவின்படி அந்த மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும்.

நம் கட்சிக்காரர் குடித்திருந்தார், வேகமாக வந்தார் என்று தெரிந்தால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள். அவர் பங்குக்கு ஏற்ப நஷ்டஈடு குறையும். குறுக்கு விசாரணையில்தான் முதல்முறையாக அது தெரிய வந்தால் நம் வக்கீல் என்ன செய்வார், பாவம்.

இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடை வந்தாலே புதுச்சேரி. காவல் நிலையமும் நீதிமன்றமும் மாறிவிடும்.

உயிரே போயிருந்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் (கவனக்குறைவால் மரணம்) குற்ற வழக்கும் வரலாம். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். நஷ்டஈட்டு வழக்கில் எது அதிகம் நம்பும்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

அப்புறம், துப்பறிபவருக்கு போலீஸ் அதிகாரம் எதுவும் இல்லை. போலீஸ் என்று சொல்லி யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஆள் வைத்து செல்போன் அழைப்புப் பட்டியல் வாங்காதீர்கள். இரண்டுக்கும் நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.