ஏர்பேக் விளக்கு அணையவில்லை என்றால் முதலில் சீட்டுக்கு அடியில் பாருங்கள்

அண்ணே, திருமங்கலத்தில் வாங்கிய பழைய காரில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பழுதுக் குறியீட்டை (கோடு) மெக்கானிக் இரண்டு முறை அழித்தும் மறுநாளே வந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பழுது உள்ளேயே இருக்கும்போது அழித்து என்ன பயன்? விளக்கு எரியும்வரை, மோதினால் ஏர்பேக் விரியாமல் போகலாம்.

முன்சீட்டுகளுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கும். என் வண்டியில் குற்றவாளி அதுதான். சீட் கவர் மாட்டியவர் வயரை இழுத்துவிட்டிருக்கிறார். அது தெரியாமல் நான் சென்சார் விலை கேட்டு மதுரை முழுக்க வெயிலில் அலைந்தேன். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தியிருந்தாலோ, வண்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலோ சந்தேகம் இன்னும் பலமாகும். ஆனால் தொடும் முன் சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடமாவது பொறுங்கள். உள்ளே மின்சாரம் சேமிப்பில் இருக்கும். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை ஏர்பேக் வயரில் வைக்கவே வேண்டாம்.

ஹாரனும் சேர்ந்து மக்கர் செய்கிறதா? அப்படியானால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள்; ஸ்டீயரிங் திரும்பும்போதும் ஹாரன், ஏர்பேக் இணைப்பு அறாமல் வைக்கும் சுருள் நாடா அது. பெல்ட் பக்கிளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வண்டியில் செருகிக் கோடு படிக்கும் மலிவான ஓபிடி (OBD) கருவிகள் பெரும்பாலும் இஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் கோடு 'பி' (B) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதைப் படிக்கும் ஸ்கேனர் உள்ளவரிடம் போய் எண்ணை எழுதி வாங்கி இங்கே போடுங்கள். அப்புறம் பொருள் வாங்கலாம்.

"ரெசிஸ்டர் வைத்து விளக்கை அணைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்; விளக்குதான் அணையும், பழுது அப்படியே இருக்கும்.