சத்தம் எதிலிருந்து வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பழகுகிறேன். ‘ஸ்க்ரீச்’ (கிறீச்சிடல்), ‘ரோர்’ (கர்ஜனை, பேரிரைச்சல்) போன்ற சத்தத்தைக் குறிக்கும் சொற்கள் வந்தால் நின்றுவிடுகிறேன். அகராதி ஒவ்வொன்றுக்கும் நாலைந்து சொல் தருகிறது. ஜெர்மனே கரடுமுரடான மொழிதானே, இருப்பதில் காதை அதிகம் உறுத்தும் சொல்லை எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். கொட்டும் அருவியின் பேரிரைச்சலுக்கு ஜெர்மனில் ‘டோஸென்’ என்பார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு மென்மையாக இருக்கிறது! சொல்லின் கரடுமுரடு நமக்கு வழிகாட்டாது. சத்தம் எதிலிருந்து வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். யானை பிளிறும், சிங்கம் கர்ஜிக்கும், இடி முழங்கும் என்று பிரித்துச் சொல்லும் நமக்கு இது புதிதல்ல. ஆங்கிலச் சொல்லை முதலில் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு ஜெர்மனுக்குப் போங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

‘ஸ்க்ரீச்’ ஆங்கிலத்தில் டயருக்கும் வரும், கிளிக்கும் வரும். ஜெர்மனில் டயர் ‘க்வீட்ஷென்’. எண்ணெய் காணாத கதவுக் கீலுக்கும் அதே சொல்தான். கிளியும் வீறிடும் மனிதரும் ‘க்ரைஷென்’. பிரேக்குக்கு இரண்டுமே பொருந்தும். காதைக் கிழிக்கிற சத்தம் என்றால் நான் இரண்டாவதை எடுப்பேன்.

‘ரோர்’ இன்னும் சுவையானது. சிங்கத்துக்கு ‘ப்ரியுலென்’. அரங்கம் அதிரும் கைதட்டலுக்கு, அருவிக்குச் சொன்ன அதே ‘டோஸென்’. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு ‘ட்ரோனென்’. ஆனால் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்ததும் எஞ்சின் உறுமினால் ‘டேர் மோட்டோர் ஹோய்ல்டெ அவுஃப்’ என்று எழுத வேண்டும். ‘ஹோய்லென்’ ஓநாயின் ஊளை. கடைசியில் நிற்கும் அந்தச் சின்ன ‘அவுஃப்’, சத்தம் சட்டென்று எழுந்ததைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘திடீரென்று’ எனத் தனிச்சொல் இருந்தாலும் பெரும்பாலும் அதை விட்டுவிடலாம். எனக்கு ஜெர்மனில் மிகப் பிடித்த வசதி இது.

அப்புறம், ‘கெ’ என்ற முன்னொட்டில் கவனம் வையுங்கள். ‘க்ரைஷென்’ என்பதிலிருந்து ‘கெக்ரைஷெ’ வரும். ஓயாத கூச்சல் என்பதோடு, கேட்பவரின் எரிச்சலும் அதில் ஏறிவிடும். கதைசொல்லி எரிச்சல்படாத இடத்தில் அதைப் போட்டால் கதையின் குரலே மாறிவிடும்.

சத்தம் வாக்கியத்தில் சேராமல் தனியே நின்றால், வினையின் கடைசி ‘என்’னை வெட்டிவிடலாம். நொறுங்கும் சத்தத்துக்கான ‘க்ராஹென்’ வெறும் ‘க்ராஹ்!’ ஆகிவிடும். 1951 முதல் டிஸ்னி காமிக்ஸை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தந்த எரிகா ஃபுக்ஸ் இந்த வடிவத்தை அவ்வளவு அழகாகக் கையாண்டதால், அதற்கு ‘எரிகாட்டிவ்’ என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

உங்கள் கதையில் வீறிடுவது யார், அல்லது எது என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வாக்கியத்தை முன்பின் வரிகளோடு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்